அமைச்சர் தொடுமுன் எரிந்த விளக்கு

அந்த நாற்காலி வேண்டாம், தம்பி. பின்கால் ஆடுகிறது. போன மாதமே எழுதிக் கொடுத்தேன். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக முத்திரை குத்திக் கொடுத்தார்கள். நாற்காலி அப்படியே இருக்கிறது. இந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருங்கள்.

தம்பி என்று அழைக்கலாம் அல்லவா? உங்கள் வயதில் எனக்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இருவர் இந்தத் துறையிலேயே பொறியாளர்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போக எனக்கு விருப்பமில்லை. வரிசை என்றால் வரிசைதான்.

நீங்கள் என்ன காரியமாக வந்தீர்கள்? அப்பா பெயரில் இருக்கும் மின் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றவா? அது உங்கள் பகுதி அலுவலகத்தில் அல்லவா செய்ய வேண்டும்? அங்கே போனால் தலைமையகத்தில் குறை சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார்களா? நல்லது. நாளைக்கு இங்கிருந்து அங்கே அனுப்புவார்கள். மனத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வந்த காரியம் வேறு. நான் வரலாற்றைத் திருத்த வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மக்கள் தொடர்பு அலுவலரும் முதல் நாள் சிரித்தார். மூன்று மாதத்தில் நான் இங்கே வருவது இது ஐந்தாவது நாள். இப்போது அவர் சிரிப்பதில்லை, கூட்டத்தில் இருக்கிறார். பத்தரைக்குக் கூட்டம், பன்னிரண்டுக்குக் கூட்டம், உணவுக்குப் பின் கூட்டம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு குரல் தொலைபேசியில் பேசுவதுதான் கேட்கிறது. ஒருவர் மட்டும் இருப்பதற்குப் பெயர் கூட்டமா? வாசலில் இருக்கும் அந்தப் பெண் புனிதா, பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் நாள் என்னைப் பாட்டி என்றாள். ஒரு பார்வை பார்த்தேன். அன்றிலிருந்து டீச்சரம்மா.

மணி என்ன? மூன்றே முக்காலா? ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். துறை வெளியிட்ட வரலாற்று நூலின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறது. திருத்தங்களைப் பெற்றுக்கொள்ள இன்றே கடைசி நாள் என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். நாற்பத்து மூன்று பிழைகள் கண்டுபிடித்து எழுதி வந்திருக்கிறேன். நாற்பத்திரண்டை அவர்கள் விட்டாலும் பரவாயில்லை. ஒன்றைத் திருத்தாமல் நான் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை.

இதோ, இதுதான் நூல். பிடித்துப் பாருங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள். மடியில் வைத்தால் முழங்கால் வலிக்கிறது. மின்துறையின் வரலாறு. முதலில் ஒரு தனியார் கம்பெனி நகரத்துக்கு மட்டும் விளக்குப் போட்டதாம். பிறகு அரசாங்கம் ஏற்றுக்கொண்டதாம். அப்போது பொதுப்பணிக்குள் ஒரு கிளை, பிறகு வாரியம், பிறகு தனித் துறை, அதற்குக் கீழே கழகங்கள். பெயர் மாறும்போதெல்லாம் ஓர் அத்தியாயம். அத்தியாயம் தோறும் முழுப் பக்கத்தில் ஒருவர் படம். பெயர்ப்பலகையை மாற்றியது வரலாறு என்றால் கம்பம் நட்டது என்ன? கம்பம் தானாக முளைத்ததா? மலையிலிருந்து சமவெளி வரை கம்பி தானாகப் படர்ந்ததா, அவரைக்கொடி மாதிரி?

அமைச்சர்கள் விசையை அழுத்தும் படங்களை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. இந்த முப்பத்தொன்றில் எத்தனை விசைகளுக்குப் பின்னால் கம்பி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை நான் சொல்கிறேன்: ஒன்றில்கூட இல்லை.

ஆமாம், தம்பி. மேடையில் ஒரு பலகை வைப்பார்கள். பலகைக்குச் சந்தனம், குங்குமம், பூச்சரம். நடுவில் ஒரு விசை. அது எதனோடும் இணைக்கப்பட்டிருக்காது. அமைச்சர் கழுத்தில் ஈர மாலை, கையில் பன்னீர். அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே உண்மையான இணைப்பை வேறு ஒருவர் கொடுப்பார், மேடைக்குத் தொலைவில், மின்மாற்றி இருக்கும் கம்பத்தடியில் நின்றுகொண்டு. அடையாளம் கிடைத்ததும் அவர் கைப்பிடியைத் தள்ளுவார். அதே நொடியில் இங்கே அமைச்சர் விசையை அழுத்துவார். விளக்கு எரியும், கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள். கம்பத்தடியில் நிற்பவரை எவரும் படம் எடுத்ததில்லை.

அப்படி நின்றவர்தான் என் கணவர். குழந்தைவேலு. லைன்மேன். மின்பாதை ஊழியர் என்று இந்த நூலில் எழுதியிருக்கிறார்கள், அந்தச் சொல்லில் எனக்குக் குறையில்லை. அவர் வாயில் லைன்மேன்தான். காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பக்கம் இருநூற்றுப் பதினான்கைத் திறவுங்கள். கீழே கட்டம் கட்டியிருக்கிறது பாருங்கள், ‘சில சுவையான நிகழ்வுகள்’ என்று. சுவையாம். வாசியுங்கள். வேண்டாம், எனக்கு மனப்பாடம். ‘1969ஆம் ஆண்டு மேட்டுக்காரனூர் மின்மயமாக்க விழாவில், அமைச்சர் இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே விளக்குகள் எரிந்துவிட்டன! மின்பாதை ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த இந்த வேடிக்கை கூடியிருந்தோரைச் சிரிப்பில் ஆழ்த்தியது.’ ஒரு வியப்புக்குறி வேறு. இருபத்தைந்து ஆண்டுகள் மழையிலும் இடியிலும் கம்பம் ஏறியவருக்கு இந்தத் துறை முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒதுக்கியது இரண்டு வாக்கியம். அதில் பெயர்கூட இல்லை. கவனக்குறைவு மட்டும் இருக்கிறது.

அவரா கவனக்குறைவானவர்? கோபத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறது, பொறுங்கள். கைவிளக்கை அணைத்துவிட்டு மூன்று முறை பார்ப்பார். ஈரக் கையோடு பேனாவைக்கூடத் தொட மாட்டார். வீட்டில் எப்போதாவது டம்ளர் கைதவறி விழுந்தால் நான் சொல்வதுண்டு, ‘இந்தக் கையால்தானே அமைச்சருக்கு முன்பே விளக்கேற்றினீர்கள்’ என்று. சிரிப்பார். பால் பொங்கி வழிந்தால் சொல்வேன், குடையை மறந்து வந்தால் சொல்வேன். மனைவி சொல்வது வேறு, தம்பி, அரசாங்கம் அச்சிடுவது வேறு. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அப்போதுதான் என் மனு உங்களுக்குப் புரியும்.

அப்போது நான் மேட்டுக்காரனூர் ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. வேலையில் சேர்ந்து ஒன்றரை ஆண்டுகூட முடியவில்லை, தகுதிகாண் பருவம். ஆனால் முதல் நாளிலிருந்தே என் வகுப்புக்கு ஒரு முறை உண்டு. எதுவும் உடைந்தால், யாரும் தவறு செய்தால், யார் செய்தது என்று நான் கேட்பதே கிடையாது. பிரம்பையும் தொட மாட்டேன். ‘செய்தவர் எழுந்து நிற்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நாள்கூட எவரும் எழுந்து நிற்காமல் போனதில்லை.

ஊருக்கு மின்சாரம் வரப்போகிறது என்றதும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, வரவேற்புப் பாடல் பிள்ளைகள் பாட வேண்டும் என்றார். ஏற்கெனவே இருக்கும் பாட்டைப் பாடுவதா? நானே எழுதினேன். ‘கம்பி வழியே வருகின்ற கதிரே, எம்பதி இருளை எரிக்கின்ற சுடரே.’ எதுகையைக் கவனித்தீர்களா? இந்த இரண்டு அடி, பிறகு எட்டு அடி, பிறகு மறுபடி முதல் அடி. அந்த முதல் அடி இரண்டாம் முறை வரும்போது அமைச்சர் எழுந்து விசையை அழுத்த வேண்டும். கதிரே என்று பிள்ளைகள் அழைக்க, கதிர் வர வேண்டும். என் யோசனைதான். பொறியாளர்களே ஒப்புக்கொண்டார்கள்.

நான்கு நாள் ஒத்திகை. நாற்பது பிள்ளைகள். எங்கே பிசகினாலும் கையைத் தூக்கி நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வைப்பேன். நடுவில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்பது என்னிடம் கிடையாது. பிசகைச் சுமந்துகொண்டு ஒரு பாட்டு முடிவு வரை போகக்கூடாது. அந்த நான்கு நாளும் ஒருவர் பள்ளி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காக்கி உடை, தோளில் கயிற்றுச் சுருள். மூன்றாம் நாள் நான் வேலியருகே போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். ‘ஏனுங்க டீச்சர், பாட்டு மொத்தம் எத்தனை நேரம் வருமுங்க?’ என்றார். மூன்று நிமிடம் இருபது நொடி என்றேன். ‘அத்தனை கரெக்டாவா?’ என்று சிரித்தார். ஒத்திகைக்குக் கூட்டம் சேர்வது எனக்குப் பிடிக்காது. வேலை இல்லையா என்று கேட்டேன். ‘இதுவும் வேலைதானுங்க’ என்றார். அதிகப்பிரசங்கி என்று நினைத்துக்கொண்டேன்.

விழா வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. கூட்டம் நானூறு பேருக்குக் குறையாது. அமைச்சர் மேடையில் நடு நாற்காலியில். விசைப்பலகை அவருக்கு வலப்புறம். பிள்ளைகள் மேடைக்கு இடப்புறம், அவர்களைப் பார்த்தபடி நான். அதாவது, மேடைக்கு என் முதுகு. கையசைத்தேன், தொடங்கினார்கள். தொடங்கியதும் தெரிந்துவிட்டது: பின்வரிசை அரை மாத்திரை தாமதம். அமைச்சரின் காரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ‘கதிரே’ என்பதை முன்வரிசை முடித்த பிறகு பின்வரிசை முடிக்கிறது. எதிரொலி மாதிரி.

வேறொருத்தியாக இருந்தால் விட்டிருப்பாள். அமைச்சர், கலெக்டர், நானூறு பேர். தலைமையாசிரியர் அங்கிருந்தே வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். நான் கையைத் தூக்கினேன். நிறுத்தினேன். பின்வரிசையை ஒரு பார்வை பார்த்தேன். மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்க வைத்தேன். தொடங்கி அந்த அடி முடிவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் ஓவென்று ஒரே கூச்சல், சிரிப்பு. பாட்டை நிறுத்தியதற்காக என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் திரும்பவில்லை. பிள்ளைகளைத் திரும்ப விடவுமில்லை. மூன்று நிமிடம் இருபது நொடி, ஒரு பிசகு இல்லாமல் முடித்தோம். முடித்துவிட்டுத் திரும்பினால் விளக்கெல்லாம் எரிகிறது. சரி, விழா நன்றாக முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள்தான் தலைமையாசிரியர் சொன்னார். அமைச்சர் எழுவதற்கு முன்பே விளக்கு எரிந்துவிட்டதாம். அமைச்சர் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். மேலிடத்தில் கடுங்கோபமாம். லைன்மேன் மீது நடவடிக்கையாம். அப்போதுதான் அந்த விசைக்குக் கம்பி இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. அரசாங்கம் செய்யும் காரியமா இது?

திங்கள்கிழமை விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை கொடுத்தார்கள். செவ்வாய் மாலை பள்ளி விட்டதும் அவர் வேலியருகே நிற்கிறார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் பாட்டின் பலன் கெட்டதல்லவா? அவர் கேட்டது என்ன தெரியுமா? ‘டீச்சருக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சுங்களா?’ என்று. ஓர் அந்நிய ஆடவர் கேட்கும் கேள்வியா? ‘இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அது உங்களுக்கு எதற்கு?’ என்றேன். தலையை ஆட்டினார். போய்விட்டார். நேரந்தவறாமையைப் பற்றி அவருக்கு நான்கு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் போன பிறகு தோன்றியது.

ஏழு மாதம் கழித்து, என் பதிவேட்டில் ஒரு குறிப்பும் இல்லாமல், தகுதிகாண் பருவத்தை முடித்தேன். அந்த ஒன்றியத்திலேயே ஒரு குறிப்பும் இல்லாமல் முடித்தவள் நான் ஒருத்திதான். அவரை மலைமேல் நீர்மின் நிலையத்துக்குத் தூக்கி அடித்தார்கள். அங்கிருந்து எனக்குக் கடிதம் எழுதினார். முதல் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அடுத்த கடிதத்தில் அந்தப் பிழைகளில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இவரைத்தான் என்று. வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. கவனமில்லாதவன் என்று பெயரெடுத்தவனா உனக்குக் கிடைத்தான் என்றார் என் அண்ணன். அது இயந்திரத்தின் குற்றம், மனிதரின் குற்றமல்ல என்று நான் வாதாடினேன். நான் நிச்சயித்தால் நிச்சயித்ததுதான்.

ஆனால் இயந்திரத்தின் குற்றமும் இல்லை. திருமணமான பிறகு ஒருநாள் பிடித்துக் கேட்டேன். உமக்கு அடையாளம் எப்படிக் கிடைக்கும்? ‘கைக்குட்டைதான்’ என்றார். மேடையோரம் அவருக்கு மேலே இருந்த ஃபோர்மேன் அந்தோணிமுத்து நிற்பாராம். அவர் கைக்குட்டையை வீசுவாராம். அவ்வளவுதான், எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அன்றைக்குப் புழுக்கம். அந்தோணிமுத்து பருத்த உடம்பு. மனிதர் வியர்வையைத் துடைத்திருக்கிறார்! தொலைவிலிருந்து இவர் அதை அடையாளமென்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் இதைச் சொன்னபோது அவர் இல்லை என்று சொல்லவில்லை. ‘விடு மங்கை, போனது போச்சு’ என்றார். எப்போது பேச்செடுத்தாலும் அதே பதில். போராடத் தெரியாத மனிதர். கவனக்குறைவு என்ற குறிப்பு பதிவேட்டில் ஏறியதால் கடைசி வரை ஃபோர்மேன் ஆகவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்த மூன்று பேர் ஆனார்கள்.

அந்தோணிமுத்துவை நான் சும்மா விடவில்லை. எங்கள் மூத்தவளின் பெயர்சூட்டு விழாவுக்கு வந்திருந்தார். தட்டில் வெற்றிலையைக் கொடுத்துக்கொண்டே, ‘வியர்வை துடைக்க உங்களுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?’ என்று கேட்டேன். மனிதர் விழித்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் கணவரைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘தப்புத்தானுங்க டீச்சர், மன்னிச்சுக்கோங்க’ என்றார். ஒப்புக்கொண்டார், தம்பி! என் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டார். அதைத்தான் இந்த மனுவில் எழுதியிருக்கிறேன். திருத்தம் எண் நாற்பத்து மூன்று: ‘மின்பாதை ஊழியரின் கவனக்குறைவால்’ என்பதற்குப் பதிலாக ‘ஃபோர்மேன் அந்தோணிமுத்து உரிய நேரத்துக்கு முன்பே கைக்குட்டையைப் பயன்படுத்தியதால்’ என்று இருக்க வேண்டும். அவரும் காலமாகிவிட்டார். அதற்கு நான் என்ன செய்வது? உண்மை உண்மைதான்.

இந்த அலுவலர் முதல் நாளே கேட்டார், ‘ஆதாரம் இருக்காம்மா?’ என்று. நான் சொன்னால் போதாதா? போதாதாம். சரி என்று தகவல் கேட்டு விண்ணப்பம் போட்டேன், அன்றைய விசாரணைக் கோப்பின் நகல் வேண்டும் என்று. கோப்பு அழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு பதில். கோப்பு வேறு பிரிவில் இருக்கிறது என்று அடுத்த பதில். அழிக்கப்பட்டது எப்படி வேறு பிரிவில் இருக்கும்? மேல்முறையீடு செய்தேன். கடைசியில் கீழே பதிவறையில் ஷம்சாத் என்று ஒரு பெண், அவள்தான் தேடி எடுத்தாள். இன்று காலை நகலைக் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது, ‘நிதானமாப் படிங்கம்மா’ என்றாள். நான் எதை நிதானமில்லாமல் படித்திருக்கிறேன்?

ஆனால் படிக்க முடியவில்லை. கண்ணில் அறுவை செய்து பத்து நாள்தான் ஆகிறது. சொட்டு மருந்து விட்டால் எழுத்துகள் எறும்பாக ஊர்கின்றன. அதனால்தான் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். உறையைப் பிரியுங்கள். மேலே குறிப்பாணை இருக்கும், கீழே அவர் எழுதிய விளக்கம் இருக்கும். கைக்குட்டை என்று வரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ம், வாசியுங்கள். உரக்க வேண்டாம், தெளிவாக.

‘வினா ஒன்று. பாடலின் முதல் அடி இரண்டாம் முறை ஒலிபெருக்கியில் கேட்டவுடன் இணைப்பு கொடுக்குமாறு உமக்கு உத்தரவிடப்பட்டிருந்ததா? விடை: ஆம்.’

நில்லுங்கள். பாடலா? கைக்குட்டை என்று இருக்கும். மறுபடி பாருங்கள்.

கைக்குட்டை என்ற சொல்லே இல்லையா? அடுத்த தாளில்?

கம்பத்தடியிலிருந்து மேடை தெரியாது என்று எழுதியிருக்கிறார்களா? ஆமாம். நடுவில் புளியந்தோப்பு. நான் அந்தத் தோப்பு வழியாகத்தானே தினமும் பள்ளிக்குப் போனேன். தெரியாது. அங்கிருந்து எந்தக் கைக்குட்டையும் தெரியாது. பாட்டு மட்டும்தான் கேட்கும்.

சரி. அடுத்தது.

‘வினா இரண்டு. அமைச்சர் எழுவதற்கு முன்பே பாடல் நிறுத்தப்பட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்பட்டதாகத் தகவல் உள்ளது. அது உண்மையா? ஆம் எனில், அதற்குப் பொறுப்பானவர் யார்? விடை: உண்மை இல்லை. பாட்டு ஒரே மூச்சாகப் பாடினார்கள். நான்தான் எண்ணிக்கையில் கவனம் தவறிவிட்டேன். டீச்சரும் பிள்ளைகளும் இதற்குக் காரணம் இல்லை. பாட்டு நன்றாக இருந்தது.’

பொய். அது பொய், தம்பி. ஒரே மூச்சாகப் பாடவில்லை. நானூறு பேர் பார்க்க நான் நிறுத்தினேன். இப்போதுதானே உங்களிடம் சொன்னேன், முதல் அடியில் நிறுத்தி, மறுபடி முதல் அடியிலிருந்து…

கடைசி வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். ‘பாட்டு நன்றாக இருந்தது.’ அதை அவர்கள் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதினார்?

கீழே தேதி என்ன போட்டிருக்கிறது?

பதினேழு. செப்டம்பர் பதினேழு. புதன்கிழமை. வேலியருகே வந்து என் வேலை நிரந்தரமா என்று கேட்டது செவ்வாய்க்கிழமை.

தண்ணீர் வேண்டாம். இருக்கிறது, பையில் இருக்கிறது. அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள்.

டம்ளர் விழுந்தபோதெல்லாம் சொன்னேன். எத்தனை டம்ளர் விழுந்திருக்கும், நாற்பத்தெட்டு ஆண்டுகளில்?

மணி என்ன ஆகிறது? நாலரையா? பேனா இருக்கிறதா உங்களிடம்? என் பையிலிருப்பது சிவப்பு. அது வேண்டாம். அந்த மனுவின் கடைசித் தாளை எடுங்கள். நாற்பத்து மூன்றை அடியுங்கள். ஒரே கோடாக, நேராக அடியுங்கள். அந்தோணிமுத்துவின் பெயர் எங்கும் தெரியக்கூடாது. இன்னும் நன்றாக. அதன் கீழே எழுதுங்கள், நான் சொல்லச் சொல்ல.

பக்கம் 214, கட்டத்துக்குள். ‘மின்பாதை ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால்’ என்பதை நீக்குக. ‘பாடலை இடையில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்க வைத்த ஆசிரியையின்’… எழுதிவிட்டீர்களா? ஆசிரியையின்… ‘பிழையால்’ என்று எழுதுங்கள். வேறு சொல் தேட வேண்டாம். அடைப்புக்குள் ஆசிரியையின் பெயர்: சு. மங்கையர்க்கரசி. பிறகு ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். ‘இணைப்புக் கொடுத்த ஊழியர் திரு. குழந்தைவேலு, தமக்கு இடப்பட்ட ஆணைப்படி, முதல் அடி இரண்டாம் முறை ஒலித்த அந்த நொடியிலேயே விளக்கை ஏற்றினார்.’ நொடியிலேயே. ஏகாரம் இருக்கட்டும்.

ஆதாரம் கேட்பார்கள். இந்த நகலில் நேர்மாறாக அல்லவா இருக்கிறது என்பார்கள். கேட்கட்டும். பாட்டை நிறுத்திய கை இதோ இருக்கிறது என்று சொல்கிறேன்.

கூப்பிடுகிறாளா? ஆமாம், புனிதாதான். சார் கூப்பிடுகிறாராம். கூட்டம் முடிந்துவிட்டதாம்.

கையைக் கொடுங்கள், தம்பி. முழங்கால் இப்போதெல்லாம் உடனே கேட்பதில்லை. கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எழுந்து நிற்க வேண்டும்.